விண்ணளந்த மேகநாதர்

சென்ற ஆண்டு என் தமக்கைக்குப் பெங்களூரில் ஒரு வரன் வந்தது. பையனுக்கு நல்ல வேலை. குடும்பமும் நல்ல குடும்பம். எங்கள் ஊர்ச் சோதிடர் கணித்துக் கொடுத்த சாதகத்துக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, என் தாயார் அதைக் கையோடு கொண்டுவந்தார். அதில் கார்த்திகை நட்சத்திரம், முதற் பாதம், மேஷ இராசி என்று எழுதியிருந்தது. பிள்ளை வீட்டார் கலந்துகொண்ட இந்நகரத்துச் சோதிடரோ, நட்சத்திரம் கார்த்திகைதான், ஆனால் பாதம் இரண்டு, இராசி ரிஷபம் என்று கூறிவிட்டார். பொருத்தம் கலைந்தது. வரன் திரும்பிப் போயிற்று.

பிறந்த நாள் ஒன்று. பிறந்த நேரம் ஒன்று. வானத்தில் அன்று நின்ற சந்திரனும் ஒன்றே. அவ்வாறிருக்க இராசி இரண்டானது எப்படி? அன்றிரவு விடுதி அறையில் அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருவர் கணக்கிலும் பிழை இல்லை. மேஷம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. ஊர்ச் சோதிடர் கொண்ட தொடக்கத்துக்கும் நகரச் சோதிடர் கொண்ட தொடக்கத்துக்கும் இடையே சுமார் ஒன்றரைப் பாகை. சந்திரன் மூன்று மணி நேரத்துக்குள் கடந்து செல்லும் தொலைவு அது. அந்தத் தொலைவில் என் அக்காளின் திருமணப் பேச்சு முறிந்தது.

ஊர்ச் சோதிடர் கையாண்ட எண் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, நான் சற்றும் எதிர்பாராத ஒரு பெயர் வந்து நின்றது. இயற்பியல் வகுப்பில் நாள்தோறும் கேட்கும் பெயர் அது. அவர்தாம் மேகநாத சாகா. விண்மீன்களின் வெப்பத்தை அளக்க உலகுக்கு வழிகாட்டிய பேரறிஞர். சோதிடத்தில் எள்ளளவும் நம்பிக்கை இல்லாதவர். அவருடைய வாழ்க்கையை நம் சங்கத்து நண்பர்கள் அறிந்துகொள்வது நலம் என எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

புயலிற் பிறந்த பிள்ளை

1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், டாக்கா நகருக்கு அருகே சியோரத்தலி என்னும் சிற்றூரில் சாகா பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாதர் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தவர். எட்டு மக்களுள் ஐந்தாமவர் மேகநாதர். அன்றிரவு புயலும் மழையும் அடித்ததால் மேகங்களின் தலைவன் என்று பொருள்படும் பெயரைக் குழந்தைக்குச் சூட்டினர். வளர்ந்த பின் அவரே அதில் ஓர் எழுத்தைத் திருத்தி, மேக முழக்கம் என்று பொருள்படும்படி மாற்றிக்கொண்டார். அது இராவணன் மகன் இந்திரசித்துக்கு உரிய பெயர். தேவர்களின் தலைவன் பெயரை விட்டு அவனை வென்றவன் பெயரை ஏற்றார் என்று நாம் மகிழலாம்.

கடையில் எடை போடும் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று தந்தை கருதினார். தொடக்கப் பள்ளியோடு நின்றிருக்க வேண்டிய படிப்பு அது. அடுத்த பள்ளி பல கல் தொலைவில் சிமுலியா என்னும் ஊரில் இருந்தது. அவ்வூர் மருத்துவர் அனந்தகுமார் தாஸ் என்பவர் உணவும் உறைவிடமும் கொடுக்க முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: உண்ட தட்டைத் தானே கழுவ வேண்டும், வீட்டுப் பசுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டைக் கழுவச் சொன்னது சாதிக் கட்டுப்பாடு. சிறுவன் தட்டைக் கழுவினான்; பசுவைப் பார்த்தான்; தேர்வில் டாக்கா மாவட்டத்துக்கே முதல்வனாக வந்தான். மாதம் 4 ரூபாய் உதவித் தொகை கிடைத்தது. சணல் நிறுவனத்தில் 20 ரூபாய் சம்பளம் வாங்கிய அண்ணன் ஜயநாதர் அதில் 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பிவந்தார். இப்படித்தான் 1905-இல் அவர் டாக்கா அரசாங்கப் பள்ளியில் கால் வைத்தார்.

அந்த ஆண்டுதான் வங்கம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. நாடு கொந்தளித்தது. பள்ளியைப் பார்வையிட ஆளுநர் புல்லர் வந்தபோது மாணவர் சிலர் தம் எதிர்ப்பைக் காட்டினர். அதில் சேர்ந்தவர் என்று மேகநாதரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். உதவித் தொகையும் போயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அது எத்தகைய அடி! தனியார் பள்ளி ஒன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. 1909-இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்கம் முழுவதிலும் முதலாவதாகத் தேறினார்.

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரி. ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். சத்தியேந்திர நாத போஸ் உடன் பயின்றவர். இளங்கலையிலும் முதுகலையிலும் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். அறிவு செழித்த அக்கல்லூரியின் விடுதியிலேயே உயர் சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். சிமுலியாவில் கழுவிய தட்டு கல்கத்தாவிலும் அவரை விடவில்லை. பிற்காலத்தில் பழைமை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஏற்க மறுத்த அவரது பிடிவாதத்துக்கு வேர் இங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

படிப்பு முடிந்ததும் அரசாங்க நிதித் துறைத் தேர்வு எழுத விரும்பினார். புரட்சி இயக்கத்தாரோடு பழக்கம் உண்டு என்ற ஐயத்தால் அனுமதி கிடைக்கவில்லை. நிதித் துறை ஓர் அலுவலரை இழந்தது. விஞ்ஞானம் ஓர் அறிஞரைப் பெற்றது.

விண்மீனின் வெப்பம்

1916-இல் கல்கத்தாப் பல்கலைக் கழக விஞ்ஞானக் கல்லூரியில் போசும் சாகாவும் ஆசிரியராயினர். பின்னர் இப்பெங்களூரைத் தம் ஊராக்கிக்கொண்ட சி. வி. இராமன் அடுத்த ஆண்டு அங்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார். நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. புது நூல்களும் இல்லை. இருவரும் ஜெர்மன் மொழியைக் கற்று, ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். 1920-இல் அந்நூல் வெளிவந்தது.

அந்நாளில் சாகா எழுதிய நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை அமெரிக்க வானியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் பங்கு ஏற்றால் வெளியிடுவோம் என்று விடை வந்தது. ஏழை ஆசிரியரிடம் டாலருக்கு எங்கே போவது? கட்டுரை அங்கே வெளிவரவில்லை.

ஆயினும் 1920-இல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை இலண்டன் இதழில் வெளியாயிற்று. அதன் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்மீனின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்தால் வண்ணப் பட்டையின் நடுவே கருங்கோடுகள் தோன்றும். சில மீன்களில் ஹைட்ரஜன் கோடுகள் வலிமையாக உள்ளன. சிலவற்றில் கால்சியக் கோடுகள். எனவே ஒவ்வொரு மீனும் வெவ்வேறு பொருள்களால் ஆனதோ என்று பலர் எண்ணினர். அப்படி இருக்க வேண்டியதில்லை என்றார் சாகா. வெப்பம் மிகும்போது அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழக்கின்றன. இழந்த அணு வேறு கோட்டைக் காட்டுகிறது. வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்பதைக் கணக்கிடலாம். அந்தக் கணக்குத்தான் இன்று சாகா சமன்பாடு எனப்படுகிறது. அன்று முதல் விண்மீனின் ஒளிப் பட்டை, அதன் வெப்பத்தைச் சொல்லும் வெப்பமானி ஆயிற்று. நம் கொடைக்கானல் மலையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கால்சியக் கோட்டின் ஒளியில் சூரியனைப் படமெடுத்து வருகின்றனர். அந்தக் கோடு சூரியனின் மேல் அடுக்கில் அத்தனை வலிமையாகத் தெரிவது ஏன் என்பதற்கு விடை சொன்னதும் இக்கட்டுரையே.

இலண்டனிலும் பெர்லினிலும் சிலகாலம் ஆராய்ந்துவிட்டு 1921-இல் தாயகம் திரும்பினார். 1923 முதல் 15 ஆண்டுகள் அலகாபாத். 1938-இல் மீண்டும் கல்கத்தா. 1927-இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. நோபெல் பரிசுக்குப் பலமுறை அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டும் பரிசு வரவில்லை.

கூடத்தை விட்டு வெளியே

பரிசை எண்ணிக் கொண்டிருக்க அவருக்கு நேரமும் இல்லை. வெள்ளச் சேதத்தைக் கண்ணால் கண்டவர். ஆறுகளை அடக்கும் திட்டங்களைப் பற்றி இடைவிடாது எழுதினார். 1935-இல் விஞ்ஞானமும் பண்பாடும் பற்றிய ஓர் இதழைத் தொடங்கினார். கல்கத்தாவில் அணு இயற்பியல் நிலையத்தை நிறுவினார். அது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதல் பொதுத் தேர்தலில் கல்கத்தாவிலிருந்து நின்று வென்று பாராளுமன்றம் சென்றார்.

எல்லாம் முன்னோர் நூலிலேயே உள்ளது என்று கூறிவிட்டு உறங்குவாரை அவர் கடுமையாகச் சாடினார். ஆனால் முன்னோர் நூலைப் படிக்காமல் சாடியவர் அல்லர். சூரிய சித்தாந்தத்தையும் வராகமிகிரரையும் வரி வரியாகக் கற்றார். அக்கல்விக்கு 1952-இல் ஒரு பெரும் வேலை வந்தது.

எங்கே தொடங்குவது?

விடுதலை பெற்ற நாட்டில் அன்று சுமார் முப்பது வகை நாட்காட்டிகள் வழங்கின. ஒரே பண்டிகை ஓர் ஊரில் ஒரு நாள், மற்றோர் ஊரில் மற்றொரு நாள். இதைச் சீர்படுத்த அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. தலைவர் மேகநாத சாகா, செயலாளர் கல்கத்தாவைச் சேர்ந்த நிர்மல் சந்திர லாகிரி. பஞ்சாங்க மரபில் ஊறிய தப்தரி, கரந்திகர் போன்றோரும் உறுப்பினர். விஞ்ஞானியும் பண்டிதரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர்.

குழுவின் முன் இருந்த சிக்கலைச் சற்று விளக்க வேண்டும். சூரியன் ஓராண்டில் வலம்வருவதாகத் தோன்றும் பாதை ஒரு வட்டம், 360 பாகை. அதை முப்பது முப்பது பாகையாகப் பன்னிரண்டு கூறு செய்தால் பன்னிரண்டு இராசி. இதில் எவருக்கும் சண்டை இல்லை. வட்டத்துக்கு முனை ஏது? எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டை.

மேனாட்டுச் சோதிடர், பகலும் இரவும் சமமாகும் மார்ச்சு 21 வாக்கில் சூரியன் நிற்கும் இடத்தையே மேஷத்தின் தொடக்கம் என்பர். இது சாயன முறை. நம் நாட்டார், நிலையான ஒரு விண்மீனை அடையாளமாகக் கொண்டு எண்ணுவர். இது நிரயன முறை. பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையசைப்பதால் சமநாள் இடம் ஆண்டுக்கு சுமார் 50 விகலை பின்னோக்கி நகர்கிறது. ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை. ஆகவே ஒருகாலத்தில் ஒன்றாயிருந்த இரு தொடக்கங்களும் இன்று சுமார் 24 பாகை விலகிவிட்டன. அந்த விலக்கமே அயனாம்சம். ஆங்கில நாளிதழில் இராசி பலன் பார்ப்பவர் ஐவருள் நால்வருக்கு நம் பஞ்சாங்கப்படி சூரியன் நிற்கும் இராசி வேறாயிருப்பது இதனால்தான்.

சரி, நிரயனத்திலாவது ஒற்றுமை உண்டா? அதுவும் இல்லை. எந்த விண்மீனை அடையாளமாகக் கொள்வது? சித்திரை மீனுக்கு நேர் எதிர்ப்புள்ளி என்பார் ஒரு சாரார். ரேவதி மீனே என்பார் மற்றொரு சாரார். பாலகங்காதர திலகர் அந்தக் கட்சி. இதே பெங்களூரில் சோதிட இதழ் நடத்திப் பெரும்புகழ் பெற்ற பி. வி. இராமன், இரு தொடக்கங்களும் ஒன்றாயிருந்தது கி.பி. 397-இல் என்று கொண்டார். சித்திரைக் கட்சியார் கணக்கில் அது கி.பி. 285. என் அக்காளின் இராசி இந்த 112 ஆண்டு வேறுபாட்டில் அகப்பட்டுக்கொண்டது.

தமிழ்நாட்டில் இது போதாதென்று மற்றொரு பிளவும் உண்டு. பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிப்பது வாக்கியம்; கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒத்திட்டுக் கணிப்பது திருக்கணிதம். சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 சனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் விழா நடந்ததோ 2023 திசம்பர் 20. இடையே பதினொரு மாதம்! இதைத் திருத்த முயன்ற தமிழ்நாட்டவர் சாகாவுக்கு முன்பே இருந்தார். சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று வாதாடியவர். 1880-இல் மறைந்தார். அவர் பணிசெய்த கூடம் கொடைக்கானலுக்கு மாறி, பின் வளர்ந்து, இன்று நம் கோரமங்கலத்தில் இந்திய வானியற்பியல் நிலையமாக நிற்கிறது. பேருந்தில் அவ்வழியே போகும் நண்பர்கள் ஒருகணம் அவரை நினைக்க வேண்டும்.

இருபத்து நான்கு நிமிடம்

சாகாவைப் பெரிதும் உறுத்தியது இராசியன்று, பருவம். சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட சுமார் 24 நிமிடம் நீளம். அற்பம் என்று தோன்றும். ஆனால் அறுபது ஆண்டில் அது ஒரு நாள். ஆயிரத்து நானூறு ஆண்டில் இருபத்து மூன்று நாள். அக்காலத்தில் சமநாளில் பிறந்த சித்திரை இன்று ஏப்ரல் 14-இல் பிறக்கிறது. சூரியன் வடக்கே திரும்புவது திசம்பர் 22 வாக்கில். நாம் உத்தராயணம் என்று பொங்கலன்று கொண்டாடுவதோ சனவரி 14 அல்லது 15. இப்படியே விட்டால் பல்லாயிரம் ஆண்டு கழித்துச் சித்திரை கார்காலத்தில் வந்து நிற்கும். முன்னோர் பருவத்தைப் பார்த்தே மாதம் வகுத்தனர். ஆகவே பருவத்தை விடாமல் பிடித்திருக்கும் சாயன ஆண்டே முறை என்பது சாகாவின் முடிவு.

ஆனால் கோடிக் கணக்கான மக்கள் விரதமும் விழாவும் நிரயனத்தில் வைத்திருக்கிறார்களே! அதைத் தள்ளிவிட முடியுமா? தலைவர் இங்கே பிடிவாதம் காட்டவில்லை. 1955-இல் வெளியான அறிக்கை இரண்டு வழியைச் சொன்னது. அரசாங்கக் காரியத்துக்குச் சக ஆண்டு. சமநாளை அடுத்த மார்ச்சு 22-இல் சைத்திர மாதப் பிறப்பு. லீப் ஆண்டில் மார்ச்சு 21. சமயக் காரியத்துக்கு, 1956 மார்ச்சு 21-ஆம் நாளன்று அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று கொள்க. சித்திரை மீனின் எதிர்ப்புள்ளியை ஒட்டிய எண் அது. நட்சத்திரங்களுக்கு அந்த எண் ஆண்டுதோறும் வளரட்டும். சூரிய மாதங்களுக்கு மட்டும் அதை அப்படியே நிறுத்தி வையுங்கள். இதுவரை நகர்ந்தது போகட்டும், இனியேனும் விழாக்கள் பருவத்தை விட்டு நகராதிருக்கட்டும் என்பது குழுவின் எண்ணம்.

அந்த மார்ச்சு 21-ஐ அவர் காணவில்லை. 1956 பிப்ரவரி 16-ஆம் நாள், தில்லியில் திட்டக் குழு அலுவலகத்துக்கு நடந்து செல்லும் வழியில் மாரடைப்பால் விழுந்தார். அகவை 62. தாம் குறித்த நாளுக்கு முப்பத்து நான்கு நாள் முன்னதாக மறைந்தார். 1957 மார்ச்சு 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழிலும் வானொலியிலும் அதன் தேதி இடம்பெற்றது. வீடுகளில் அது இடம்பெறவில்லை.

நண்பர்களே, அதைவிடப் பெரிய விந்தை ஒன்றுண்டு. சூரிய மாதங்களை நிறுத்தி வைக்கச் சொன்ன பரிந்துரையை மரபுப் பஞ்சாங்கக்காரர்கள் ஏற்கவில்லை. 23 பாகை 15 கலை என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டனர். அதுவே லாகிரி அயனாம்சம் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. இன்று கணிப்பொறிச் சாதகங்களுள் பெரும்பாலானவை அதில்தான் பிறக்கின்றன. சோதிடத்தை நம்பாத ஒருவர் தலைமையில் நாட்காட்டிக்காக வகுத்த எண், பொருத்தம் பார்க்கும் எண்ணாயிற்று. பெண்ணின் சாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசும் இரு வீட்டாருள் எத்தனை பேருக்கு, அது குழு கூடிப் பேசி முடிவுசெய்த எண் என்று தெரியும்?

நான் கற்றது இதுதான். மேஷத்தின் தொடக்கத்தில் வானத்தில் கல் நட்டு வைக்கப்படவில்லை. அது மனிதர் தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட எல்லை. ஊருக்கு ஊர் நிலத்தை அளக்கக் கோல் வேறுபட்டது போல, வானத்தை அளக்கவும் வேறுபட்டது. எல்லையை வகுத்தவர் அதை அறிவார், கையாளுகிறவர் மறந்துவிடுகிறார். தட்டைத் தனியே கழுவச் சொன்ன எல்லையும் மனிதர் வகுத்ததே என்று அறிந்த ஒருவர், வானத்து எல்லையையும் அஞ்சாமல் எடுத்து ஆராய்ந்தார்; ஆனால் அந்த எல்லைக்குள் வாழும் மக்களை இகழாமல் அவர்களோடு அமர்ந்து பேசினார். அதனால்தான் அவரை விஞ்ஞானி என்பதோடு நில்லாமல் பெரியோர் என்றும் சொல்லத் தோன்றுகிறது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இக்கணக்கைத் தாளில் வரைந்து அம்மாவிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், அப்படியானால் உன் அக்காளுக்கு எந்த இராசி என்று கேட்டார். அக்காள் சிரித்துவிட்டாள். விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த வரன் வரும்போது, சாதகத்தைக் கொடுக்கும் முன் எந்த அயனாம்சம் என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை மேகநாதரின் பணி அந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது. எஞ்சியதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்.